பழைய இருவழி ரேடியோக்களை நேரோபேண்டுக்கு மாற்ற மென்பொருள் மட்டும் போதுமா?

டெக்சாஸில் ஒரு சிறிய ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படையில் இருக்கும் நண்பர் ஒருவரின் கேள்வி இது: "எங்கள் படைக்குப் பெட்டி நிறைய பழைய விஎச்எஃப் ரேடியோக்கள் நன்கொடையாக வந்திருக்கின்றன. மோட்டோரோலா மேக்ஸ்ட்ராக், ஜிஎம்300, எம்1225, கென்வுட் டிகே-760, டிகே-760ஜி என்று கலந்து கிடக்கின்றன. நேரோபேண்டுக்கு மாற்ற கேபிளும் மென்பொருளும் இருந்தால் போதுமா? டீவியேஷனைப் பாதியாகக் குறைத்தாலே வேலை முடிந்தது என்கிறார் ஒருவர். சரியா?"

சரியில்லை. அந்தப் பெட்டியில் சில ரேடியோக்களை மாற்றலாம், சிலவற்றை மாற்றவே முடியாது. மாற்ற முடிந்தவற்றிலும் மென்பொருளில் ஒரு கட்டத்தை டிக் செய்வது பாதி வேலைதான். மீதிப் பாதி, அளந்து சரிபார்ப்பது. தீயணைப்பில் ஒருவர் உள்ளே மாட்டிக்கொண்டு கூப்பிடும்போது கேட்க வேண்டிய கருவி இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் விதி. அமெரிக்காவில் பார்ட் 90 என்ற பிரிவின்கீழ் உரிமம் வாங்கி 150 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் (விஎச்எஃப்), 421 முதல் 470 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் (யுஎச்எஃப்) பேசுகிற எல்லோரும் 2013 ஜனவரி 1-க்குள் 25 கிலோஹெர்ட்ஸ் சேனல் அகலத்திலிருந்து (வைட்பேண்ட்) 12.5 கிலோஹெர்ட்ஸுக்கு (நேரோபேண்ட்) மாற வேண்டும் என்று அங்குள்ள தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி கெடு வைத்தது. போலீஸ், தீயணைப்பு, பள்ளிப் பேருந்து, பண்ணை, தொழிற்சாலை எல்லாம் இதில் அடக்கம். 470 முதல் 512 வரையுள்ள டி-பேண்டுக்கு மட்டும் 2012-இல் விலக்கு கிடைத்தது. அமெச்சூர் ரேடியோ, கப்பல் விஎச்எஃப், 30 முதல் 50 வரையுள்ள லோ பேண்ட் ஆகியவற்றை இந்த விதி தொடவில்லை. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ படிப்பவர்கள் கவனிக்க: இந்தக் கெடு அமெரிக்க விதி. கீழே சொல்லும் மின்னணு விஷயங்கள் எல்லா ஊருக்கும் பொருந்தும்.

இனி "டீவியேஷனைக் குறைத்தால் போதும்" என்ற பேச்சுக்கு வருவோம். எஃப்எம்மில் குரல் உரக்க இருக்க இருக்க அலைவரிசை நடுப்புள்ளியிலிருந்து இருபுறமும் அதிகமாக விலகும். இந்த விலகல்தான் டீவியேஷன். வைட்பேண்டில் அதிகபட்சம் 5 கிலோஹெர்ட்ஸ், நேரோபேண்டில் 2.5. குரலின் மேல் எல்லையை 3 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்தால், கார்சன் விதிப்படி அகலம் இரண்டு மடங்கு (5 + 3), அதாவது 16 கிலோஹெர்ட்ஸ். நேரோவில் இரண்டு மடங்கு (2.5 + 3), அதாவது 11. எனவே மேக்ஸ்ட்ராக்கில் டீவியேஷனை 2.5-க்கு இறக்கினால் அனுப்பும் அலை ஒடுங்கிவிடும் என்பது உண்மைதான்.

ஆனால் ரேடியோ அனுப்புவதோடு நிற்பதில்லை, கேட்கவும் வேண்டும். ரிசீவருக்குள் கடைசிக் கட்டத்தில் 455 அல்லது 450 கிலோஹெர்ட்ஸில் ஒரு சிறிய செராமிக் ஃபில்டர் இருக்கும். பக்கத்துச் சேனலை வெட்டித் தள்ளுவது அதன் வேலை. முராட்டா தயாரித்த ஃபில்டர்களில் கடைசி எழுத்தைப் பார்த்தே அகலம் சொல்லலாம்: இ என்றால் நடுவிலிருந்து இருபுறமும் 7.5 கிலோஹெர்ட்ஸ், ஜி என்றால் 4.5. வைட் மட்டும் தெரிந்த ரேடியோவில் அகல ஃபில்டர்தான் இருக்கும். டீவியேஷனை எவ்வளவு குறைத்தாலும் அந்த ஃபில்டர் ஒடுங்காது. பக்கத்துச் சேனலில் யாராவது பேசினால் அவர்களும் உங்கள் காதில் விழுவார்கள். அதோடு, பாதி டீவியேஷனில் வரும் குரல் வைட் ரிசீவரில் 6 டெசிபெல் குறைந்து கேட்கும். இன்ஜின் ஓடும் வண்டியில் வால்யூமை முழுக்கத் திருப்பியும் போதாது.

எதிர்த்திசையில் நடப்பது இன்னும் மோசம். ஒருவர் வைட்டில் அனுப்புகிறார், நேரோவுக்கு மாறியவர் கேட்கிறார் என்று வையுங்கள். மெல்லப் பேசும்வரை பிரச்சினை தெரியாது. குரல் உயர்ந்ததும் அலை ஃபில்டரின் ஓரத்தைத் தாண்டும், சத்தம் உடையும். ஸ்குவெல்ச், அதாவது இரைச்சல் மட்டும் வரும்போது ஒலியை அடக்கும் சுற்று, அதை வெறும் இரைச்சல் என்று நினைத்து ஸ்பீக்கரை மூடிவிடும். கேட்பவர் "உடைகிறது, திரும்பச் சொல்லுங்கள்" என்பார், பேசுபவர் இன்னும் கத்துவார், இன்னும் அதிகமாக உடையும். தீ எரியும் இடத்தில் எல்லோருமே கத்தித்தான் பேசுவார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். படையில் பாதிப் பேர் வைட்டிலும் பாதிப் பேர் நேரோவிலும் இருக்கக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

சட்டப்படியும் டீவியேஷன் குறைப்பு செல்லாது. பார்ட் 90-இல் பயன்படுத்தும் ரேடியோ 12.5 கிலோஹெர்ட்ஸ் முறைக்கு எஃப்சிசி சான்று பெற்றிருக்க வேண்டும். ஃபில்டரையே பிடுங்கி ஜி போட்டாலும், வைட்டுக்கு மட்டும் சான்று வாங்கிய மாடல் வைட் மாடல்தான்.

அப்படியென்றால் எது முடியும், எது முடியாது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மாடல் பெயரை வைத்து ஊகிக்காதீர்கள். ரேடியோவைத் திருப்பிப் பார்த்தால் முதுகிலோ அடியிலோ ஒரு லேபிள் இருக்கும், அதில் எஃப்சிசி ஐடி அச்சிட்டிருக்கும். மோட்டோரோலா என்றால் பெரும்பாலும் ஏபிஇசட் என்று தொடங்கும், கென்வுட் ஏஎல்எச், ஐகாம் ஏஎஃப்ஜே, வெர்டெக்ஸ் கே66. அந்த எண்ணை எஃப்சிசியின் கருவிச் சான்றுத் தேடலில் போட்டால் சான்றிதழ் வரும். அதில் எமிஷன் என்ற பத்தியைப் பாருங்கள். 16கே0எஃப்3இ மட்டும் இருந்தால் அது வைட் ரேடியோ. கூடவே 11கே0எஃப்3இ, 11கே2எஃப்3இ போல ஒன்று இருந்தால் நேரோவுக்கும் சான்று இருக்கிறது. முதலில் வருவது அகலம் (கே இருக்குமிடத்தில் புள்ளி, 11கே0 என்றால் 11.0 கிலோஹெர்ட்ஸ்), எஃப் என்றால் எஃப்எம், 3 என்றால் அனலாக் ஒற்றைச் சேனல், இ என்றால் குரல். ஒரு லேபிளுக்கு இரண்டு நிமிடம் போதும். பெட்டியில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் இதைச் செய்து, முடிந்தது, முடியாதது என்று இரண்டாகப் பிரித்து வைத்துவிட்டு அப்புறம் கேபிளைத் தேடுங்கள்.

ஒரு பொதுக் குறிப்பு உதவும். 1997 பிப்ரவரி 14-க்குப் பிறகு இந்த பேண்டுகளில் புதிதாகச் சான்று கேட்ட மாடல்களுக்கு 12.5 கிலோஹெர்ட்ஸ் முறை இருந்தே ஆக வேண்டும் என்று விதி வந்தது. ஆனால் அது சான்று கேட்ட தேதி, விற்ற தேதி அல்ல. அதற்கு முன்பே சான்று வாங்கிய மாடலைப் பிறகும் பல ஆண்டுகள் விற்றார்கள். "2001-இல் வாங்கியது, புதுசுதான்" என்று யாராவது சொன்னால் அதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

உங்கள் பெட்டியைப் பொறுத்தவரை: மேக்ஸ்ட்ராக் வைட் மட்டும்தான், அதை ஒதுக்கிவிடுங்கள். அமெரிக்காவில் விற்ற ஜிஎம்300-உம் பெரும்பாலும் அப்படியே. எம்1225 இரண்டு அகலத்திலும் வேலை செய்யும். கென்வுட்டில் டிகே-760ஜி இரண்டும் செய்யும். ஜி என்ற எழுத்து இல்லாத 760-ஐ லேபிள் பார்க்காமல் நம்பாதீர்கள். இரண்டின் முகப்பும் ஒன்றுபோல இருப்பதால் ஒன்றை மற்றொன்று என்று எடுத்துவிடுவது சுலபம். கடைக்கு வரும் பெட்டிகளில் நான் அதிகம் பார்க்கும் குழப்பம் இதுதான்.

இன்னொரு தடையும் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. விஎச்எஃப்பில் நேரோபேண்ட் சேனல்கள் 7.5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் வருகின்றன. நாடு முழுவதும் அவசர அழைப்புக்கான விகால்10 சேனல் 155.7525 மெகாஹெர்ட்ஸ், 156.7 ஹெர்ட்ஸ் டோனோடு (குரலுக்கு அடியில் சேர்த்து அனுப்பும் அடையாள ஒலி). இந்த எண் 7.5-ஆல் வகுபடும், 2.5-ஆலும் வகுபடும். 5-ஆலும் வகுபடாது, 6.25-ஆலும் வகுபடாது. பழைய ரேடியோவின் சிந்தசைசர், அதாவது அலைவரிசையை உருவாக்கும் சுற்று, 5, 6.25 என்ற படிகளில் மட்டும் நகரும் என்றால், 155.7525 என்று நீங்கள் தட்டியதை மென்பொருள் ஏற்க மறுக்கும், அல்லது 155.750 என்றோ 155.755 என்றோ தானாக மாற்றிக்கொள்ளும். இரண்டிலும் பிழை 2.5 கிலோஹெர்ட்ஸ். அகல ஃபில்டரில் எப்படியோ சமாளித்துவிடும், ஒடுங்கிய ஃபில்டரில் குரலின் ஒரு பக்கம் வெட்டுப்பட்டு வரும். ஆகவே சேனலைத் தட்டிய பிறகு திரையில் நிற்கும் எண்ணைக் கடைசி இலக்கம் வரை ஒருமுறை படியுங்கள்.

இப்போது புரோகிராம் போடும் வேலை. எம்1225 காலத்து மோட்டோரோலாக்களுக்கு ரிப் என்ற இடைமுகப் பெட்டி வேண்டும், கணினியின் சீரியல் போர்ட்டுக்கும் ரேடியோவின் மைக் ஜாக்குக்கும் நடுவே அது உட்காரும். மேக்ஸ்ட்ராக், ஜிஎம்300 போன்றவற்றின் மென்பொருள் டாஸில் ஓடுவது. அந்தக் காலத்து மெதுவான கணினியை மனதில் வைத்து எழுதியது என்பதால், இன்றைய வேகமான கணினியில் நேரக் கணக்கு குழம்பும். படிக்கும்போது குழம்பினால் பிழைச் செய்தியோடு போய்விடும். எழுதும்போது பாதியில் குழம்பினால் ரேடியோவின் கோட்பிளக், அதாவது அதன் நினைவில் இருக்கும் அமைப்புத் தகவல் முழுவதும், கெட்டுப்போய் ரேடியோவே திறக்காமல் போகலாம். இந்த வேலைக்கென்று நிஜமான சீரியல் போர்ட் உள்ள பழைய லேப்டாப் ஒன்றை வைத்திருப்பதுதான் நல்லது. கென்வுட் சுலபம்: மைக் ஜாக்கில் சொருகும் கேபிஜி-46 கேபிளும் அந்த மாடலுக்குரிய கென்வுட் மென்பொருளும் போதும். கையடக்க கென்வுட் என்றால் இரண்டு முள் உள்ள கேபிஜி-22.

எந்தப் பிராண்டாக இருந்தாலும் முதல் வேலை ரேடியோவைப் படித்து, வந்ததை வரிசை எண்ணின் பெயரில் ஒரு கோப்பாகச் சேமிப்பது. அதற்கு முன் எதையும் எழுதாதீர்கள். ஒரு ரேடியோவின் கோப்பை எடுத்து எல்லாவற்றிலும் ஒட்டும் பழக்கமும் வேண்டாம். சில மாடல்களில் அந்த ரேடியோவுக்கே உரிய அளவுத் திருத்தங்கள் உள்ளே இருக்கும், அவற்றின்மீது இன்னொன்றின் எண்களை எழுதிவிட்டால் பிறகு மேசையில் வைத்து முழுவதும் திருத்த வேண்டியிருக்கும்.

அகலம் என்பது சேனலுக்குச் சேனல் தனியாக வைக்கும் அமைப்பு. கென்வுட்டில் சேனல் அட்டவணையில் வைட்/நேரோ என்று ஒரு பத்தியே இருக்கும். இங்கே எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு நேரோ ஆக்கிவிடாதீர்கள். 162.400 முதல் 162.550 வரையுள்ள நோவா வானிலை அறிவிப்புகள் இன்னும் 5 கிலோஹெர்ட்ஸ் டீவியேஷனில்தான் வருகின்றன. அவற்றை நேரோவில் வைத்தால் சூறாவளி எச்சரிக்கையே உடைந்து கேட்கும், டெக்சாஸில் அது விளையாட்டில்லை. ஏரியிலோ கடலிலோ மீட்புக்குப் போகும் படை கப்பல் சேனல்களைப் போட்டிருந்தால் அவையும் வைட்டாகவே இருக்கட்டும். ஆனால் கப்பல் சேனலில் பேசுவதற்கு அந்தப் பிரிவின் சான்று உள்ள ரேடியோ வேண்டும்.

அடுத்து அளப்பது. வேலையின் சாரம் இதில்தான் இருக்கிறது, பலர் தாண்டிப் போவதும் இதைத்தான். நேரோ என்று டிக் செய்ததும் ரேடியோ தன் டீவியேஷனைப் பாதியாக்கும், ஃபில்டரை மாற்றும், ஆடியோவை ஏற்றிக்கொடுக்கும். ஆனால் தொழிற்சாலையை விட்டு வந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகு அந்த அளவுகள் அதே இடத்தில் நிற்கின்றன என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. முக்கியமாக அலைவரிசையைத் தீர்மானிக்கும் கிரிஸ்டல் வயதாக ஆக நகரும். விதிப்படி நேரோவில் விஎச்எஃப் நிலையத்துக்கு 2.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2.5 பங்கு), வண்டி ரேடியோவுக்கு 5 பிபிஎம். 155 மெகாஹெர்ட்ஸில் 5 பிபிஎம் என்பது 775 ஹெர்ட்ஸ். யுஎச்எஃப்பில் வண்டி ரேடியோவுக்கு 2.5 பிபிஎம்தான் அனுமதி, 460 மெகாஹெர்ட்ஸில் அது 1150 ஹெர்ட்ஸ். ஒரு ரேடியோ மேலே நகர்ந்து, இன்னொன்று கீழே நகர்ந்திருந்தால் இரண்டுக்கும் நடுவே பிழை கூடிவிடும். வைட் காலத்தில் யாருக்கும் தெரியாமல் இருந்த இந்த நகர்வு நேரோவில் உடனே காதில் விழும். "நேரோபேண்டுக்கு மாறினதிலிருந்து சத்தம் கரகரவென்று இருக்கிறது" என்ற புகாரோடு வரும் ரேடியோக்களில் நான் முதலில் பார்ப்பது அலைவரிசைப் பிழையைத்தான்.

சர்வீஸ் மானிட்டர் (ரேடியோவைச் சோதித்து அளக்கும் கருவி) இருக்கும் கடையில் வரிசை இப்படி: ரேடியோவை டம்மி லோடில் (ஆண்டெனாவுக்குப் பதில் மாட்டும் மின்தடை) போட்டுச் சூடாக்கி, அலைவரிசையைச் சரிசெய்ய வேண்டும். பிறகு 1 கிலோஹெர்ட்ஸ் டோனை லிமிட்டர் (டீவியேஷன் எல்லையைத் தாண்டாமல் வெட்டும் சுற்று) முட்டும் அளவுக்கு உரக்கக் கொடுத்து, டோன் ஸ்குவெல்ச்சும் சேர்ந்த மொத்த டீவியேஷன் 2.5-ஐத் தாண்டாமல் வைக்க வேண்டும். முன்பு சொன்ன அடையாள ஒலியான சிடிசிஎஸ்எஸ் டோனை, அதாவது பிஎல் டோனை, தனியாக அளக்க வேண்டும். வைட்டில் அது 750 ஹெர்ட்ஸ் அளவில் இருந்தது, நேரோவில் 350-ஐ ஒட்டி இருக்க வேண்டும். டோன் பழைய 750-லேயே நின்றுவிட்டால் மொத்தம் 2.5-இல் குரலுக்கு மிஞ்சுவது 1.75 மட்டும். குரல் மெலிந்து, அடியில் உம்மென்று ஒரு முழக்கம் கேட்கும். கடைசியில் ரிசீவர்: நேரோவில் சைனாட் அளவும் (குரல் இரைச்சலைவிட எவ்வளவு தெளிவாக வருகிறது என்பது) ஸ்குவெல்ச் திறக்கும் இடமும். வைட்டில் வைத்த ஸ்குவெல்ச் நேரோவுக்குப் பொருந்தாது.

மானிட்டர் இல்லையென்றால்? ஒரு நல்ல வழி இருக்கிறது. எஃப்எம்மில் மாடுலேஷன் குறியீடு (டீவியேஷனை டோனின் அலைவரிசையால் வகுத்து வருவது) 2.405-ஐத் தொடும்போது நடு அலை, அதாவது கேரியர், ஸ்பெக்ட்ரத்தில் அப்படியே மறைந்துவிடும். பெசல் நல் என்பார்கள். 2.5 கிலோஹெர்ட்ஸை 2.405-ஆல் வகுத்தால் 1039.5 ஹெர்ட்ஸ். மலிவான ஆர்டிஎல்-எஸ்டிஆர் (கணினித் திரையில் ஸ்பெக்ட்ரம் காட்டும் சிறிய ரிசீவர்) ஒன்றைக் கணினியில் மாட்டுங்கள். ஒரு ரேடியோவை டம்மி லோடில் வைத்து, வைட் முறையில், பிஎல் டோன் இல்லாமல், 1039.5 ஹெர்ட்ஸ் டோனைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். திரையில் நடுக் கம்பம் குறுகிக் குறுகி முதல்முறை மறையும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கே டீவியேஷன் சரியாக 2.5 கிலோஹெர்ட்ஸ். வைட்டில் செய்யச் சொல்வதற்குக் காரணம், அங்கே லிமிட்டர் 5-இல்தான் முட்டும். அதனால் டோன் வெட்டுப்படாமல் சுத்தமாக இருக்கும். அந்த நிலையில் டீமாடுலேட் செய்த ஒலியின் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள் (உயர்ந்த ஒலிகளைத் தணிக்கும் டீ-எம்ஃபசிஸை அணைத்திருக்க வேண்டும், டீமாடுலேட்டரின் அகலம் தாராளமாக இருக்க வேண்டும்). அதுதான் உங்கள் அளவுகோல். இனி ஒவ்வொரு ரேடியோவையும் நேரோவில் போட்டு, மைக்கில் "ஆ" என்று உரக்கக் கத்தி, உச்சி அந்தக் கோட்டைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டும் ரேடியோவை ஒதுக்கி, மானிட்டர் உள்ள கடைக்கு அனுப்புங்கள். விலையுயர்ந்த கருவி இல்லாமலேயே கெட்டதைப் பிரித்துவிட இது போதும். அதன் துல்லியம் எனக்கு இன்றும் பிடிக்கும்.

தூரம் குறையுமா என்றும் கேட்பீர்கள். குறையும். டீவியேஷன் குறைந்தால் இரைச்சலை அடக்கும் எஃப்எம்மின் பலமும் குறைகிறது. ஊர் நடுவில் வித்தியாசம் தெரியாது, எல்லையில் தெரியும். முன்பு கரகரப்போடாவது புரிந்த இடங்களில் இப்போது புரியாமல் போகலாம். மாறிய பிறகு வண்டியில் எல்லைச் சாலைகளைச் சுற்றி, எங்கே குரல் விழுகிறது என்று வரைபடத்தில் குறியுங்கள். ஆண்டெனாவையும் கேபிள் இணைப்புகளையும் சரிபார்த்தாலே பல இடங்களில் இழந்ததைத் திரும்பப் பிடித்துவிடலாம்.

மாற்றத்தை ஒரே நாளில் செய்யுங்கள். ரிப்பீட்டர், நிலைய ரேடியோ, வண்டிகள், கையடக்கங்கள், பேஜர் எழுப்பும் டோன்களின் அளவு எல்லாம் சேர்ந்து மாற வேண்டும். பேஜர்களை மறந்துவிடுவது வழக்கம்: வைட் மட்டும் தெரிந்த பேஜரில் நேரோ குரல் மெலிந்து கேட்கும், தூங்குகிறவரை எழுப்பாது. படையின் உரிமத்தில் நேரோ எமிஷன் எழுதியிருக்கிறதா என்பதையும் தலைவரிடம் அன்றைக்கு முன்பே பார்க்கச் சொல்லுங்கள். அழைப்புகளை ஏற்றுப் படைகளை அனுப்பும் கவுண்டி மையத்தோடு பேசாமல் நீங்கள் மட்டும் எதையும் மாற்றாதீர்கள்.

ஒதுக்கிய மேக்ஸ்ட்ராக்கையும் ஜிஎம்300-ஐயும் குப்பையில் போட வேண்டாம். அமெச்சூர் உரிமம் உள்ளவர்கள் 2 மீட்டர் பேண்டில் அவற்றை வைட்டிலேயே தாராளமாகப் பயன்படுத்தலாம். ஜிஎம்300-ஐ வைத்து ரிப்பீட்டர் கட்டும் ஹாம்கள் இன்றும் இருக்கிறார்கள். கொடுப்பதற்கு முன் உங்கள் படையின் சேனல்களை அழித்துவிட்டுக் கொடுங்கள். எம்1225, 760ஜி எத்தனை தேறுகின்றன என்று லேபிள் பார்த்துச் சொன்னால், சேனல் அட்டவணையை எப்படி அடுக்குவது என்று அதற்கேற்ப எழுதுகிறேன்.